நூறாவது பள்ளி நாளுக்கான எண்ணும் பயிற்சிப் பெட்டி: ஒரு மதிப்பீடு

கல்வியாண்டின் நூறாவது நாளைத் தொடக்க வகுப்புகளில் கொண்டாடுவதற்கான இந்தப் பெட்டியில் 100 குச்சிகள், 100 மணிகள், 1 முதல் 100 வரையிலான எண் கட்டம், காகிதக் கிரீடங்கள் ஆகியவை உள்ளன. இவற்றுள் உண்மையிலேயே பயன் தருபவை குச்சிகள்தாம். அவற்றைப் பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்டால் கட்டி, பத்துக் கட்டுகளையும் சேர்த்து ஒரே பெருங்கட்டாகப் பிடிக்கும்போது, இடமதிப்பு என்பது பிள்ளையின் கைக்கே வந்துவிடுகிறது. 67-இல் தடுமாறும் பிள்ளைகூட மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்காமல், கட்டிய ஆறு கட்டுகளை அப்படியே வைத்துவிட்டு, உதிரியாக உள்ள ஏழு குச்சிகளை மட்டும் எண்ணிச் சரிபார்த்துக்கொள்ளலாம். பிறகு கட்டுகளைப் பிரித்து ஐந்தைந்தாக அடுக்கினால் 20 குவியல்கள், இரண்டிரண்டாக அடுக்கினால் 50 என்று அதே குச்சிகளைக் கொண்டே பயிற்சியை நீட்டிக்க முடியும்.

மணிகள் ஏமாற்றமளிக்கின்றன. எல்லாம் ஒரே நிறத்தில் இருப்பதால், கோத்து முடித்தபின் ஒன்று குறைந்தால் எங்கே தவறியது என்று கண்டுபிடிக்க வழியில்லை. பத்துக்கு ஒரு முறை நிறம் மாறியிருந்தால் அந்தச் சிக்கலே எழாது. மேலும், அவை மிகச் சிறியவை என்பதால் கைக்குழந்தைகள் உள்ள வீடுகளுக்குக் கொடுத்தனுப்புவது ஆபத்து. கிரீடங்கள் புகைப்படத்துக்கு அழகு, அவ்வளவே. ஒரு பெட்டி ஒரு சிறு குழுவுக்கே போதும் என்பதால், வகுப்பு முழுமைக்கும் குச்சிகளைத் தனியே வாங்கிக்கொள்வதே சிக்கனம்.