பாங்காக்கா, ஜோக்ஜாவா, பெங்களூரா? கோலாலம்பூரிலிருந்து பழைய விமானங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

சுங்கை பீசி விமானத் தளம் 2018-இல் மூடப்பட்ட பிறகு, பழைய போர் விமானங்களைப் பக்கத்தில் நின்று பார்க்க ஆசைப்படும் கோலாலம்பூர்க்காரர்களுக்கு உள்ளூரில் போக்கிடம் சுருங்கிவிட்டது. வெள்ளியோடு சேர்ந்து ஒரு பொது விடுமுறை வாய்த்தால் வெளிநாட்டுக்குப் பையைத் தூக்குவதுதான் வழி. வாடகைக் கார் எடுக்காமல், பஸ்ஸையும் ரயிலையும் மட்டும் நம்பி, இரண்டு இரவுக்குள் முடித்துக்கொண்டு திரும்ப நினைப்பவர்களுக்குப் பாங்காக், பெங்களூர், ஜோக்ஜா என்கிற ஜோக்ஜகார்த்தா ஆகிய மூன்று ஊர்களை எடைபோட்டுச் சொல்கிறேன்.

விமான அருங்காட்சியகங்களுக்கு ஒரு குணம் உண்டு. அவை பெரும்பாலும் பழைய ஓடுபாதையின் ஓரத்தில்தான் இருக்கும். நகரமோ புதிய விமான நிலையத்தைத் தொலைவில் கட்டிக்கொண்டு போயிருக்கும். நாம் இறங்குவது புதியதில், பார்க்க வேண்டியது பழையதில். இந்த இடைவெளியைக் கடக்க ஊர் என்ன வசதி வைத்திருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். உள்ளே எத்தனை விமானங்கள் நிற்கின்றன என்பது அடுத்த கேள்வி.

அந்தக் கணக்கில் பாங்காக் விசித்திரமானது. நம் மலிவு விலை விமானங்கள் இறங்கும் டோன் முவாங், 1914-லிருந்து இயங்கும் பழைய தளம். தாய்லாந்து ஆகாயப் படை அருங்காட்சியகமும் அதே தளத்தின் ஓரத்தில்தான் இருக்கிறது. அப்படியானால் இறங்கியதும் நடந்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. பயணிகள் முனையம் மேற்குப் பக்கம், அருங்காட்சியகம் கிழக்குப் பக்கம். நடுவில் ஓடுபாதைகளும், அவற்றுக்கு இடையே ஒரு கோல்ஃப் மைதானமும் கிடக்கின்றன. சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

சுற்றுவதற்கு இன்று நல்ல வழி இருக்கிறது. டோன் முவாங்கில் சிவப்புத் தடம் ரயில் ஏறி லாக் சியில் இறங்கி, இளஞ்சிவப்புத் தட மோனோரயிலுக்கு மாறி, வாட் பிர சி மகாதாட்டில் பிடிஎஸ் எனப்படும் உயர்மட்ட ரயிலைப் பிடித்தால், ‘ராயல் தாய் ஏர்ஃபோர்ஸ் மியூசியம்’ என்ற பெயரிலேயே ஒரு நிலையம் வரும். என் 22 என்பது அதன் எண். நிலையத்தை விட்டு இறங்கினால் அருங்காட்சியகத்தின் வாசல். டிசம்பர் 2020-இல் இந்தப் பகுதி திறக்கப்படும் வரை, பாஹோன்யோத்தின் சாலை நெரிசலில் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பதே பார்வையாளரின் தலையெழுத்து. மாற்றங்கள் பிடிக்காதவர்கள் ஏ1 பஸ்ஸில் மோ சிட் போய் ஒரே ரயிலில் வடக்கே வரலாம். தெற்கே போய் மறுபடி வடக்கே வருவதால் தூரம் கூடும், தலைவலி குறையும். நம் டச் அண்ட் கோ போல ஒரே அட்டை எல்லா இடத்திலும் செல்லும் என்று எண்ணிக்கொண்டு போக வேண்டாம். கொஞ்சம் சில்லறை பாட் கையில் இருக்கட்டும்.

மலேசிய ஏர்லைன்ஸில் போய் சுவர்ணபூமியில் இறங்குகிறவர்களுக்குத் தூரம் அதிகம், ஆனால் வழி எளிது. விமான நிலைய ரயிலில் பாயா தாய் வந்து பிடிஎஸ் ஏறினால் அப்புறம் மாற்றமே கிடையாது.

இத்தனை பாடுபட்டுப் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது? கர்டிஸ் ஹாக் III என்ற இரட்டைச் சிறகுப் போர் விமானம் உலகிலேயே மிஞ்சியிருப்பது இங்கே ஒன்றுதான். அமெரிக்காவின் வாட் நிறுவனம் செய்த கோர்சேரின் வி-93எஸ் வகையும் அப்படியே. ஸ்பிட்ஃபயரும் ஃபயர்ஃப்ளையும் பேர்கேட்டும் வேறு நாடுகளிலும் கிடைக்கும். இந்த இரண்டுக்காகவே ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் இங்கே வருகிறார்கள். நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையேறிய அதே நேரத்தில் தாய்லாந்தின் பிரச்சுவாப் கிரி கானிலும் இறங்கினார்கள். அங்கே அவர்களை எதிர்க்க எழும்ப முயன்றவை இந்த ஹாக் வகை விமானங்கள்தாம். தோட்டப்புறத்திலிருந்து ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்குத் தாத்தாக்களைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கு அந்தத் தேதி எங்கே கொண்டுபோய் விட்டது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விளக்கப் பலகைகள் போதாது என்பது என் குறை. முன்கூட்டியே படித்துவிட்டுப் போகாதவருக்கு ஹாக் III வெறும் பழைய இரும்பாகத்தான் தெரியும்.

பெங்களூரைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். இந்தியாவுக்கு விசா வேண்டும், பறக்கும் நேரமும் நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. இரண்டு இரவுப் பயணத்துக்கு அது சரிப்படாது. ஆனால் கல்யாணம், காதுகுத்து, கோவில் என்று சென்னைக்குப் போகிறவர்களுக்குக் கதை வேறு. வந்தே பாரத் ரயிலில் நாலரை மணி நேர அளவில் பெங்களூர் போய்விடலாம். அங்கே மெஜஸ்டிக் பஸ் நிலையத்திலிருந்து காடுகோடி போகும் 335ஈ பஸ், விமானம் கட்டும் ஹெச்ஏஎல் (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) நிறுவனத்தின் வழியாகத்தான் போகிறது. மாரத்தஹள்ளிப் பக்கத்துப் போக்குவரத்து நெரிசலுக்கு மட்டும் மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ள வேண்டும். 2001-இல் தொடங்கிய ஹெச்ஏஎல் அருங்காட்சியகம், விமானங்கள் எப்படி உருவாகின்றன என்பதை மற்ற இரண்டையும்விடத் தெளிவாகச் சொல்லித் தருகிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனிக்கு ஃபோக்-உல்ஃப் 190 வடிவமைத்த குர்ட் டாங்க், பிறகு இந்தியாவுக்கு வந்து உருவாக்கிய மாருத் ஜெட் இங்கே நிற்கிறது. அது முதலில் பறந்தது 1961-இல். பொறியியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இதற்கே என் ஓட்டு.

ஜோக்ஜகார்த்தாவில் பழையதுக்கும் புதியதுக்கும் உள்ள இடைவெளி மிகப் பெரியது. புதிய விமான நிலையம் மேற்கே கூலோன் ப்ரோகோவில் கடலோரத்தில் இருக்கிறது. டிர்காந்தாரா மண்டலா அருங்காட்சியகமோ ஊருக்குக் கிழக்கே, பழைய அடிசுசிப்தோ தளத்தின் ஓரத்தில். என்றாலும் விமான நிலைய ரயில் சுமார் நாற்பது நிமிடத்தில் துகு நிலையத்தில் இறக்கிவிடுவதால் முதல் பாதி சுகமாகவே போய்விடுகிறது. அடுத்த பாதிக்கு, நிலையத்துக்குப் பக்கத்து மாலியோபோரோ வீதியிலிருந்து டிரான்ஸ் ஜோக்ஜா 1ஏ பஸ். ஜந்தி மேம்பாலம் அருகே இறங்கி நடக்கலாம். வெயிலுக்குப் பயந்தால் ஓஜெக் என்ற மோட்டார் சைக்கிள் டாக்சி பிடிக்கலாம்.

ஒரு காலத்தில் சர்க்கரை ஆலையாக இருந்த கட்டடம் அது. ஜப்பானிய ஸீரோ, அமெரிக்க மஸ்டாங், மிக் வரிசை எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. என் கால்கள் நகர மறுக்கும் இடம் வெளியே நிற்கும் டியு-16 குண்டுவீச்சு விமானத்தின் கீழ்தான். சோவியத் யூனியனிடமிருந்து வந்த இவை பறந்துகொண்டிருந்த காலத்தில்தான் இந்தோனேசிய அதிபர் சுகார்னோ நம் நாட்டுக்கு எதிராக மோதலைத் தொடங்கினார். 1964 செப்டம்பர் 2 அன்று ஜொகூரின் லாபிஸ் பக்கம் இந்தோனேசிய வான்குடை வீரர்கள் குதித்தார்கள். லாபிஸ் வட்டாரத் தோட்டங்களில் சொந்தம் உள்ளவர்கள் அந்த இறக்கையின் நிழலில் நின்று பார்க்க வேண்டும். இன்னொரு பக்கம், அதற்கு முன்பே 1947 ஜூலை 29 அன்று மலாயா செஞ்சிலுவைச் சங்கத்தின் மருந்துகளைச் சிங்கப்பூரிலிருந்து ஜோக்ஜாவுக்கு ஏற்றிவந்த இந்திய டக்கோட்டா ஒன்றை டச்சு விமானங்கள் சுட்டு வீழ்த்தின. அதில் இறந்த இந்தோனேசிய ஆகாயப் படை முன்னோடி அடிசுசிப்தோவின் பெயரைத்தான் அந்தத் தளம் இன்றும் தாங்கியிருக்கிறது. ஒரே ஓடுபாதைக்குள் நம்மோடு நட்பும் பகையும் இரண்டும் கிடக்கின்றன. பாங்காக்கின் அரிய விமானங்களால் தர முடியாதது இது.

எனவே தனியாகப் போகிறவர், அதிலும் விமானப் பித்து முற்றியவர், பாங்காக் போகட்டும். குடும்பத்தோடு போகிறவருக்கு நான் ஜோக்ஜாவைத்தான் சொல்வேன். பாங்காக்கிலும் சீலோம் மாரியம்மன் கோவில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் அது நகரத்தின் மறுகோடி. ஜோக்ஜாவிலோ அருங்காட்சியகத்துக்குப் போகும் அதே 1ஏ பஸ் கடைசியில் பிரம்பானனில் போய் நிற்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டின் சிவன் கோவில், 47 மீட்டர் உயரம். விமானம் என்றாலே கொட்டாவி விடும் மாமியாருக்கும் அந்த நாள் வீணாகாது.

வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம். அருங்காட்சியகம் மாலைவரை திறந்திருக்காது, திங்கட்கிழமை கிடையவே கிடையாது. காலையில் டியு-16, வெயில் தாழ்ந்ததும் பிரம்பானன். திரும்பும்போது பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் பிரம்பானன் ரயில் நிலையத்திலிருந்து மின்ரயிலில் துகுவுக்கு வந்துவிடலாம். மறுநாள் விமான நிலைய ரயில் கிளம்புவதும் அங்கிருந்துதான் என்பதால் விடுதியை அந்த நிலையத்துக்குப் பக்கத்திலேயே பார்த்துக்கொள்வது நல்லது.