சின்ன வகுப்பா, இருவருக்கு ஒரு டியூட்டரா?

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் வெள்ளையின மாணவர்களுக்கும் கறுப்பின, லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) மாணவர்களுக்கும் இடையிலான மதிப்பெண் இடைவெளியைக் குறைக்க ஆளுக்கொரு வழி சொல்வார்கள். முறையாகச் சோதித்துப் பார்த்தவை கொஞ்சம்தான். அதில் இரண்டு இங்கே.

முதலாவது, வகுப்பைச் சிறிதாக்குவது. டென்னசி மாநிலம் 1985 முதல் 4 ஆண்டுகள், கிண்டர்கார்டன் தொடங்கி மூன்றாம் வகுப்பு வரை, பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்தது. சிலருக்கு 13-17 பேர் வகுப்பு, மற்றவர்களுக்கு 22-25 பேர் வகுப்பு. சின்ன வகுப்பில் பொதுவாக எல்லோருமே முன்னேறினார்கள்; கறுப்பினப் பிள்ளைகள் கூடுதலாக. பின்னாளில் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதியவர்களும் அவர்களில் அதிகரித்தார்கள்.

சரி, எல்லா இடத்திலும் செய்யலாமே? 1996இல் கலிஃபோர்னியா செய்தது. திடீரென ஆயிரக்கணக்கில் ஆசிரியர்கள் தேவைப்பட, அனுபவசாலிகள் பலர் வசதியான பகுதிப் பள்ளிகளுக்கு நகர்ந்தார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கு வாய்த்தவர்களில் பலர் பயிற்சி முடிக்காத புதியவர்கள். இடைவெளி குறைய இதுவா வழி?

இரண்டாவது, சிகாகோ உயர்நிலைப் பள்ளிகளில் நடந்தது. இரண்டு மாணவர்களுக்கு ஒரு டியூட்டர், தினமும் ஒரு பீரியட் கணக்கு, அதுவும் பள்ளி நேரத்துக்குள்ளேயே. பின்னம் பிடிபடாத ஒன்பதாம் வகுப்பு மாணவனுக்கு அங்கிருந்தே தொடங்கலாம். முப்பது பேர் வகுப்பில் அது நடக்காது. கணக்கு மதிப்பெண் நன்றாகவே ஏறியது. டியூட்டருக்கு ஆசிரியர் சான்றிதழ் கட்டாயமில்லை என்பதால் ஆள் பிடிப்பதும் எளிது. செலவுதான் இடிக்கும்: மாணவருக்கு ஆண்டுக்கு 3,000 டாலருக்கு மேல்.

ஏற்கெனவே பின்தங்கிவிட்ட பிள்ளைக்கு என் ஓட்டு டியூட்டருக்கே. கிண்டர்கார்டன் என்றால் சின்ன வகுப்பு, அதுவும் நல்ல ஆசிரியர்கள் போதுமான அளவு இருந்தால்.