வெய்யில் ஓட்டத்துக்குப் போத்தலில் எது: இளநீரா, ஜீவனியா, சோடாவா, வீட்டுக் கலவையா?

வன்னியில் கழகங்கள் சைக்கிளோட்டம் வைப்பதற்கென்று தேடிப்பிடிக்கிற காலம் சித்திரைப் புத்தாண்டு. ஏப்ரல் 5 முதல் 15 வரையான அந்த நாள்களில்தான் சூரியனும் இலங்கைக்கு நேர் மேலே வந்து நிற்கும். அறிவித்தலில் காலை 6.30 என்று இருக்கும். பிரதம விருந்தினர் வந்து, கொடியேற்றி, பேசி முடிக்க எட்டரை தாண்டிவிடும். பரந்தனிலிருந்து ஏ35 வீதியால் முல்லைத்தீவுக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர். சாதாரண சைக்கிள்காரருக்கு இரண்டு மணித்தியாலத்துக்குக் கிட்டப் பிடிக்கும். அவ்வளவு நேரமும் ஹாண்டிலில் பழைய ரியூப் துண்டால் இறுக்கிக் கட்டிய அந்த ஒரு போத்தல்தான் துணை. அதற்குள் எதை ஊற்றுவது என்பதில் ஊரில் ஆளுக்கொரு கட்சி.

முதலில் உடம்பு எதை இழக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த வெக்கையில் மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றர் வியர்வை சாதாரணம், சிலருக்கு ஒன்றரை. லீற்றருக்கு ஏறத்தாழ ஒரு கிராம் சோடியம் அதோடு போகும். ஆளுக்காள் இது கூடிக் குறையும். ஓடி முடித்தபின் கறுப்புப் பெனியனில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிகிறவருக்கு இழப்பு அதிகம். பொட்டாசியமும் போகும், ஆனால் அது சோடியத்தில் சிறு பங்குதான்.

இளநீர்க் கட்சி அடிபடுவது இந்த இடத்தில். இளநீரில் பொட்டாசியம் தாராளம், சோடியம் கொஞ்சம். இனிப்பும் அளவானது, வயிற்றுக்கும் இதம். ஆனால் வியர்வையில் போவது ஒன்று, இளநீரில் வருவது இன்னொன்று. அதோடு, வெட்டிப் போத்தலில் ஊற்றிய இளநீர் வெய்யிலில் நெடுநேரம் தாங்காது, புளிப்பு ஏறிவிடும். ஓட்டம் முடிந்தபின் நிழலில் இருந்து, உப்புப் போட்ட கடலையோ வடையோ கடித்துக்கொண்டு குடிக்க இளநீரை விடச் சிறந்தது இல்லை. ஓடும்போது அதற்கு நான் இரண்டாம் இடம்கூடக் கொடுக்க மாட்டேன்.

ஜீவனிக்கு நேர்மாறான சிக்கல். அது வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் பக்கற் மருந்து. உலக சுகாதார நிறுவனம் 2002இல் திருத்திய சூத்திரத்தின்படி இப்படியான கரைசலில் லீற்றருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ். அதில் சேரும் சிற்றேற்றில் உள்ளதையும் கூட்டிச் சோடியத்தைக் கணக்குப் பார்த்தால் 1.7 கிராமுக்கு வரும். நீரை உடம்புக்குள் இழுத்துக்கொடுப்பதில் இதை அடிக்க ஆளில்லை, ஏனென்றால் குடல் சுவரில் சீனியும் சோடியமும் ஒரே வாசலால் சோடியாக நுழைகின்றன, தண்ணீர் பின்னால் வருகிறது. ஆனால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மிதிக்கிறவருக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து வேண்டும். 13.5 கிராம் எந்த மூலைக்கு? சில பொடியள் இதைச் சரிக்கட்ட ஒரு பக்கற்றை அரைப் போத்தலில் கெட்டியாகக் கரைக்கிறார்கள். அதில் கூடுவது உப்பும்தான். குமட்டும், தாகம் ஏறும். பக்கற்றில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீர் சும்மா போட்டதல்ல.

சோடாவும் குளுக்கோஸும் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக் காலத்துப் பழக்கம். உள்ளங்கையில் குளுக்கோஸ் மாவைக் கொட்டி நக்கிவிட்டு நூறு மீற்றர் ஓடியவர்கள் நாங்கள் எல்லோரும். நூறு மீற்றருக்கு அது மனத் தைரியம், 50 கிலோமீற்றருக்கு அது மட்டும் போதாது, உப்பு இல்லை. சோடாவில் இனிப்பு தூக்கல், வயிற்றில் காற்றும் சேரும். குனிந்து மிதிக்கும்போது ஏப்பம் தொண்டைக்கு வரும். கருப்பநீரையும் (பதநீர்) இனிப்பைப் பொறுத்தவரை இந்தப் பக்கம்தான் சேர்க்க வேண்டும். மோர் பற்றிக் கேட்பவர்களுக்கு: போத்தலில் அடைத்த மோரைக் கிறவல் றோட்டில் அரை மணித்தியாலம் குலுக்கிவிட்டு மூடியைத் திறந்து பாருங்கள். பெனியனும் முகமும் மோராகும். சின்னவெங்காயமும் பச்சைமிளகாயும் வெட்டிப்போட்டு, முடிந்தபின் வீட்டில் குடிக்கலாம்.

கடையில் வாங்கும் விளையாட்டுப் பானம் பிழையில்லை. இந்த வகையின் தொடக்கம் 1965இல் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில், அமெரிக்க உதைபந்து வீரர்களுக்காகச் செய்த கற்றோரேட். நூறு மில்லிலீற்றருக்கு ஆறு கிராம் இனிப்பு, 45 மில்லிகிராமளவு சோடியம், இதுதான் அதன் கணக்கு. கணக்குத் தெரிந்தபின் விலை கொடுப்பானேன்?

ஒரு லீற்றர் தண்ணீர், தட்டிய தேக்கரண்டியால் பன்னிரண்டு கரண்டி சீனி, கால் கரண்டி உப்பு, பாதித் தேசிக்காய். சீனி 50 கிராமுக்குக் கிட்ட, சோடியம் அரைக் கிராமுக்குச் சற்று மேலே. பானத்தின் கணக்கோடு ஒட்டி வருகிறது. பெனியனில் உப்புப் படிகிறவர் அரைக் கரண்டி உப்புப் போடலாம். என் வாக்கு இதற்குத்தான். ஒரு கவனம்: வன்னியில் பல கிணறுகள் சவர். அந்தத் தண்ணீர் உப்புக் கரிக்கும். ருசியைக் கெடுக்கும், அதனால் குடிக்கிற அளவு குறையும். கலவைக்குச் சவரில்லாத நல்ல தண்ணீரே எடுங்கள். முதல்நாள் இரவே பாதிப் போத்தலை உறையவைத்து, காலையில் மீதியை ஊற்றினால் முதல் அரை மணித்தியாலமாவது குளிர்ச்சி இருக்கும்.

வெறும் தண்ணீரை நான் ஒதுக்கவில்லை. ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும் ஓட்டத்துக்கு அதுவே போதும். நீண்ட ஓட்டத்தில் வெறும் தண்ணீரையே மடக்குமடக்கென்று லீற்றர் கணக்கில் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கி, தலையிடி, சத்தி, தடுமாற்றம் என்று போகும். வெய்யில் பிடித்தது என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள், அது ஆபத்து. தன் அளவை அறிய வழி சுலபம். பயிற்சிக்கு முன்னும் பின்னும் நெல்லு நிறுக்கிற தராசில் ஏறுங்கள். குறைந்த ஒரு கிலோ ஏறத்தாழ ஒரு லீற்றர். நிறை கூடியிருந்தால் குடித்தது அதிகம்.

போட்டி நடத்துகிறவர்களுக்கும் இதில் வேலை உண்டு. தண்ணீர் மேசையைத் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் போட்டுப் பயனில்லை. விசுவமடுவில் ஒன்று, புதுக்குடியிருப்பில் ஒன்று வேண்டும். ஒன்றில் கலவை, மற்றதில் தலையில் ஊற்ற வெறும் தண்ணீர். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காலத்தில் காற்று வலப்பக்கத்தால் காய்ந்து அடிக்கும், வியர்வை படிந்த இடம் தெரியாமல் உலர்ந்துவிடும், குடிக்கத் தோன்றாது. அதனால் மேசையடியில் நிற்பவர் கேட்கும்வரை காத்திருக்காமல், மூடி கழற்றிய போத்தலை இடப்பக்கத்தில் நீட்டிக்கொண்டு கூடவே நாலு அடி ஓட வேண்டும்.