சின்ன விமானத்துக்கு எந்த செர்வோ? காயில் கட்டுகிறவன் பார்வையில்

காட்பாடியில் மோட்டார் காயில் கட்டுகிற கடை எனக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் சன்பேக் என்கிற பிளாஸ்டிக் அட்டையில் செய்த ரிமோட் விமானம். இது தெரிந்து காலேஜ் பசங்க புராஜெக்ட்டோடு வந்து நிற்பார்கள். இறக்கையிலும் வாலிலும் உள்ள மடிப்புகளை அசைக்கிற சின்ன மோட்டார் டப்பாதான் செர்வோ. பாதிப்பேர் கையில் எம்ஜி996ஆர் என்ற பெரிய செர்வோ இருக்கும். "அண்ணா, பதினோரு கிலோ டார்க்ணா!" டார்க் என்றால் முறுக்கு விசை.

இருக்கட்டும் தம்பி. ஒன்று 55 கிராம். நாலு போட்டால் 220. மொத்தமே முக்கால் கிலோ வரப்போகிற விமானத்தில் இவ்வளவு செர்வோவுக்கே போனால் பேட்டரியை எங்கே வைப்பது? அதோடு 6 வோல்ட்டில் அது முட்டி நின்றால் இரண்டரை ஆம்பியர் இழுக்கும். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற சாதாரண இஎஸ்சியில், செர்வோவுக்கும் ரிசீவருக்கும் கரண்ட் தரும் பெக் என்ற பகுதி கொடுப்பதே 2, 3 ஆம்பியர்தான். ரெண்டு செர்வோ சேர்ந்து திணறினால் வோல்டேஜ் விழுந்து ரிசீவர் செத்துப் பிழைக்கும். அந்த நேரத்தில் விமானம் உங்கள் பேச்சைக் கேட்காது. ரோபோ கை செய்ய அருமையான சரக்கு, இதற்கு வேண்டாம்.

ஒரு மீட்டர் இறக்கை உள்ள பயிற்சி விமானத்துக்கு 9 கிராம் வகைதான். நீல நிற எஸ்ஜி90, நைலான் கியர். அதன் அண்ணன் எம்ஜி90எஸ், மெட்டல் கியர், 13.4 கிராம். 4.8 வோல்ட்டில் ரெண்டுக்கும் 1.8 கிலோ என்றுதான் போட்டிருக்கும். அந்த 1.8 என்பது செர்வோ கை, அதாவது அதன் மேல் சுழலும் கொம்பு, ஒரு சென்டிமீட்டர் நீளம் இருந்தால், அதுவும் செர்வோ திணறி நிற்கும் இடத்தில். ரெண்டு சென்டிமீட்டர் ஓட்டையில், மடிப்பைத் தள்ளி இழுக்கும் கம்பியை மாட்டினால் பாதி. இருந்தும் மெதுவாகப் பறக்கிற விமானத்துக்கு அது தாராளம்.

நான் பார்ப்பது ஆட்டத்தை. செர்வோ கை நடுவுக்குத் திரும்பும்போது அதே இடத்தில் நிற்கிறதா? இதற்கு என்னிடம் இருக்கும் கருவி துடைப்பத்து ஈர்க்குச்சி. இருபது சென்டிமீட்டர் வெட்டி செர்வோ கையில் டேப் போட்டு ஒட்டுவேன். பின்னால் ஒரு அட்டை, பேனாவில் ஒரு கோடு. செர்வோவை ரிமோட் இல்லாமல் ஆட்டிப் பார்க்கிற செர்வோ டெஸ்டரில் இடப்பக்கமிருந்து நடுவுக்கு ஒருமுறை, வலப்பக்கமிருந்து ஒருமுறை. ஒரு டிகிரி பிசகினால் ஈர்க்கு முனை மூன்றரை மில்லிமீட்டர் தள்ளி நிற்கும், கண்ணாடி போடாமலே தெரியும். மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடிப்பான எலிவேட்டரில் அந்த ஒரு டிகிரி இருந்தால், ரிமோட்டில் ட்ரிம் வைத்து, அதாவது நடுநிலையைச் சரிசெய்தே, நம் கை ஓய்ந்துவிடும். ஒரே ஸ்டிக்கர், ஒரே டப்பா, ஆனால் ஒன்று கோட்டில் நிற்கும், இன்னொன்று நிற்காது. போலி அவ்வளவு புழங்குகிறது. அதனால் தேவைக்கு மேல் ரெண்டு வாங்கிக் கழித்துக் கட்டுவதுதான் என் வழக்கம்.

மெட்டல் என்றால் உசத்தி என்பதும் முழு உண்மை இல்லை. நைலான் பல் புதிதில் இறுக்கமாக இருக்கும், தரையில் மோதினால் பட்டென்று உடையும், உடைந்தது தெரிந்துவிடும். மெட்டல் உடையாது, தேயும். தேயத் தேய ஆட்டம் கூடும், சத்தமில்லாமல். பாலாற்று மணலில் இறக்குகிறவர்களுக்கு இன்னும் சீக்கிரம். இந்தச் சின்ன டப்பாக்களுக்கு மண் புகாத அடைப்பு கிடையாது.

கொஞ்சம் காசு கூடினாலும் பரவாயில்லை என்றால் ஈமேக்ஸ் இஎஸ்08எம்ஏ இரண்டாம் பதிப்பு. 12 கிராம், மெட்டல் கியர். என் ஈர்க்குச்சிப் பரீட்சையில் நன்றாகவே தேறுகிறது.

வாங்கும்போது 180 டிகிரியா என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஒரு கடையில் எனக்கு 360-ஐக் கட்டிவிட்டார்கள், பார்க்க ரெண்டும் ஒன்றுபோலத்தான். அது சுற்றிக்கொண்டே இருக்கும் ரகம், பொம்மைக் கார் சக்கரத்துக்கு ஆகும். திருப்பிக் கொடுக்கப் போனால் "பிரிச்சிட்டீங்களே சார்". சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போகிறவர்கள் டெஸ்டரையும் ஒரு பேட்டரியையும் பையில் போட்டுக்கொண்டு போவது நல்லது.

நம்ம ஊர் வெயிலுக்கு ஒன்று. ஹாட் க்ளூவை மட்டும் நம்பி செர்வோவை ஒட்டாதீர்கள். கத்திரியில் விமானத்தைக் காருக்குள் பூட்டி வைத்தால் பசை இளகி செர்வோ மொத்தமாக நகரும். அப்போது எந்த கியரும் காப்பாற்றாது. சின்ன பிளைவுட் துண்டு, ரெண்டு ஸ்க்ரூ, முடிந்தது.

கம்பியை செர்வோ கையில் உள் ஓட்டையிலும் எலிவேட்டரில் கம்பி மாட்டும் கொம்பான ஹார்னில் வெளி ஓட்டையிலும் மாட்டினால், இருக்கும் ஆட்டமும் குறையும், விசையும் கூடும். இப்போது என் விமானத்தில் எலிவேட்டருக்கும், இறக்கை மடிப்பான அய்லரானுக்கும் ஈமேக்ஸ். வாலில் நிமிர்ந்து நிற்கும் ரட்டருக்குப் பழைய நைலானே ஓடுகிறது.