கவிழ்த்தால் போதுமா, மாற்று ஆளையும் சொல்ல வேண்டுமா?

பிரிட்டனில் நாடாளுமன்றத்தின் நம்பிக்கை போனால் அரசும் போச்சு. 1979 மார்ச் 28 இரவு 311-க்கு 310, ஒரே ஓட்டில் பிரதமர் காலஹனின் அரசு விழுந்து மே மாதமே தேர்தல் வந்துவிட்டது. ஜெர்மனியில் அப்படிக் கவிழ்க்க முடியாது. அரசியல் சாசனத்தின் 67-வது பிரிவுப்படி, அடுத்த சான்சலர் (அங்கே அரசின் தலைவர், நம் பிரதமர் மாதிரி) இவர்தான் என்று பெயர் சொல்லி, மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் அவருக்கு ஓட்டு வாங்கித் தந்தால்தான் இருப்பவரை இறக்கலாம். ஹிட்லருக்கு முந்தைய வைமார் குடியரசுக் காலத்தில், சேர்ந்து ஆள முடியாத கட்சிகள் கவிழ்க்க மட்டும் கைகோத்ததைப் பார்த்துச் சூடுபட்டவர்கள் எழுதிய விதி அது. 1972-ல் இந்த வழியில் சான்சலராக முயன்ற எதிர்க்கட்சித் தலைவர் பார்செலுக்கு இரண்டு ஓட்டு குறைந்தது, 1982-ல் இதே வழியில் கோல் ஜெயித்துச் சான்சலர் ஆனார்.

நிலையான ஆட்சி கிடைக்கிறது, சரி. ஆனாலும் என் ஓட்டு பிரிட்டன் முறைக்குத்தான், ஏனென்றால் எதிர்த்தரப்பு ஒன்றுசேரவில்லை என்பதற்காகவே பெரும்பான்மை இழந்த ஓர் அரசு நாற்காலியில் நீடிப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.