மகன் கையில் ஓராண்டாக இருக்கும் மருத்துவ அடையாளக் காப்பு

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் இணையவழி நிறுவனம் ஒன்றிடம் எழுத்துப் பொறித்து வாங்கிய எவர்சில்வர் அடையாளக் காப்பை என் மகன் ஓராண்டுக்கு மேலாக வலது மணிக்கட்டில் அணிந்து வருகிறான். அவனுக்கு 15 வயது. பிறவியிலேயே கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ளவன். இரத்தம் உறைவதற்கு வேண்டிய எட்டாம் ஃபேக்டர் அவன் உடலில் இயல்பான அளவில் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. ஒரு வயதில் குலதெய்வக் கோயிலில் காது குத்தியபோது இரண்டு நாளாகியும் கசிவு நிற்காமல், மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகுதான் இந்த நோயின் பெயரே எங்களுக்குத் தெரிய வந்தது. நாங்கள் பாம்பனில் வசிக்கிறோம்; கணவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறார். உப்புத் தண்ணீரிலும் வெயிலிலும் இந்தப் பொருள் எப்படி உழைத்தது என்பது, இதே நோயுள்ள பிள்ளைகளைக் கடற்கரை ஊர்களில் வளர்க்கும் பெற்றோருக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

இதை வாங்க வைத்த சம்பவத்தை முதலில் சொல்ல வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன், அவன் பள்ளி முடிந்து வந்த பேருந்து திடீரென்று பிரேக் போட்டதில், நெற்றி முன் இருக்கைக் கம்பியில் மோதியது. உடன் வந்தவர்கள் வழியிலிருந்த ஒரு சிறிய மருத்துவமனையில் சேர்த்தார்கள். வெளிக்காயம் எதுவும் இல்லாததால், சற்று நேரம் படுத்திருக்கட்டும் என்று அங்கே கட்டிலில் விட்டுவிட்டார்கள். வாந்தியும் மயக்கமுமாகக் கிடந்த பிள்ளையால் தன் நோயை வாய் திறந்து சொல்ல முடியவில்லை. நோய் விவர அட்டை புத்தகப் பையில் இருந்தது. பை அதே பேருந்தில் இராமேசுவரம் போய்விட்டது. தலையில் அடிபட்ட ஹீமோபிலியா நோயாளிக்கு ஸ்கேன் எடுப்பதற்கும் முன்பாக ஃபேக்டர் ஏற்றிவிட வேண்டும் என்று மருத்துவர்கள் எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். செய்தி எனக்கு எட்டி, நான் போய்ச் சேர்ந்து, இராமநாதபுரத்தில் ஃபேக்டர் ஏறத் தொடங்கியபோது மூன்றரை மணி நேரம் கடந்திருந்தது. மூளையில் கசிவு இல்லாமல் பிழைத்தான். பையிலோ பர்ஸிலோ இருக்கும் அட்டையை நம்பக்கூடாது, விவரம் உடம்போடு இருக்க வேண்டும் என்று அன்று இரவே முடிவு செய்தேன்.

நேராக இந்தக் காப்புக்கு வந்துவிடவில்லை. முதலில், சீர் சாமான்களுக்குப் பேர் வெட்டித் தரும் பாத்திரக்கடையில் ஒரு சிறிய எவர்சில்வர் தகட்டில் எழுத்து வெட்டி, கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டோம். புள்ளி புள்ளியாக விழும் அந்த எழுத்து தாம்பாளத்தின் விளிம்பில் அழகாக இருக்கும். இரண்டு விரல் அகலத் தகட்டில் படிக்க வராது. ஐப்பசி மழை முடிவதற்குள் புள்ளிகளுக்குள் துருவும் ஏறிவிட்டது. இவற்றைவிடப் பெரிய குறை, கறுப்புக் கயிற்றில் தொங்கியதை எல்லாரும் தாயத்து என்றே எண்ணினார்கள். தாயத்தை யாரும் திருப்பிப் படிப்பதில்லை. அடுத்து ஆசாரியிடம் வெள்ளியில் செய்து போட்டோம். கடல் காற்றில் அது மாதத்துக்கு ஒருமுறை கறுத்தது. தேய்க்கத் தேய்க்க எழுத்தும் சேர்ந்து தேய்ந்தது. இடையில் வாங்கிய ரப்பர் பட்டையில் எழுத்து வெறும் அச்சு, நான்கு மாதத்தில் அழிந்தது.

இப்போது அவன் அணிந்திருப்பது 316எல் என்ற வகை எவர்சில்வர். பாத்திரங்களுக்குப் பயன்படும் 304 வகையில் குரோமியமும் நிக்கலும் உண்டு. 316 வகையில் இவற்றோடு 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினமும் சேர்கிறது. உப்பிலுள்ள குளோரைடு உலோகத்தில் ஊசித் துளையாக அரிப்பதை மாலிப்டினம் தாக்குப்பிடிக்கிறது. படகுச் சாமான்களுக்கு இந்த வகையைக் கேட்டு வாங்குவதும் இதனால்தான். எங்கள் அனுபவத்தில் தகடு அந்தப் பெயரைக் காப்பாற்றியது. ஓராண்டில் ஒரு துருப்புள்ளிகூட இல்லை. லேசர் கொண்டு ஆழமாகப் பொறித்த எழுத்தை இன்றும் விரல் நுனியால் தடவி உணர முடிகிறது. விளிம்புகளை உருட்டி மழுக்கியிருக்கிறார்கள். சிறு கீறலும் நீலத் தழும்பாக மாறும் பிள்ளைகளுக்கு இது மிக முக்கியம், வாங்கும்போது விளிம்பை உங்கள் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தே அணிவிக்க வேண்டும். மருத்துவத்தைக் குறிக்கும், பாம்பு சுற்றிய கோலின் சின்னத்துக்குப் பூசிய சிவப்பு வண்ணம் மட்டும் வெயிலில் வெளுத்து இளஞ்சிவப்பாகிவிட்டது.

தமிழ் எழுத்தில்தான் நிறுவனம் கோட்டை விட்டது. முதலில் வந்த தகட்டில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நின்றன; ‘ஹீமோபிலியா’ என்பதில் ‘மோ’ மூன்று துண்டாக, நடுவே ஒரு புள்ளி வட்டத்தோடு இருந்தது. அவர்கள் கணினியில் தமிழ் எழுத்துரு சரியாக ஏறவில்லை. திருப்பி அனுப்பியதற்கு முதலில் மறுத்தார்கள். நான்கு முறை பேசிய பிறகு, சொற்களைப் படமாக அனுப்பினால் அப்படியே பொறித்துத் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். உயிர் காக்கும் என்று சொல்லி விற்கும் பொருளில் ஒரு மொழியை ஏற்றுக்கொண்டுவிட்டு, அந்த மொழியில் படிக்க முடிகிறதா என்று பார்க்காமல் அனுப்பியது பெரிய பொறுப்பின்மை. ஆர்டர் கொடுப்பவர்கள் முதலிலேயே படமாக அனுப்பி, பொறிப்பதற்கு முன் மாதிரியைக் கேட்டு வாங்குங்கள்.

எதைப் பொறிப்பது என்பதுதான் இதில் நெடுநேரம் யோசிக்க வேண்டியது. 1953-இல் கலிபோர்னியாவின் டர்லாக் ஊரில் ஒரு மருத்துவரின் மகள் டெட்டனஸ் எதிர்மருந்தின் ஒவ்வாமையால் சாவின் விளிம்புக்குப் போய் மீண்டதிலிருந்து பிறந்த மெடிக்அலர்ட் அமைப்பு, 1956 முதல் இத்தகைய கைச்சங்கிலிகளை வழங்கி வருகிறது. அவர்களின் தகட்டிலுள்ள எண்ணை அழைத்தால் நோயாளியின் முழு விவரமும் கிடைக்கும். நாம் வாங்கும் காப்புக்குப் பின்னால் அப்படி யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. ஆகவே வேண்டியதெல்லாம் தகட்டிலேயே இருக்க வேண்டும், அதுவும் பக்கத்துக்கு நான்கு வரிக்குள்.

எங்கள் தகட்டின் பின்பக்கம் ஆங்கிலத்தில், ஹீமோபிலியா ஏ, சிவியர், எட்டாம் ஃபேக்டரை முதலில் கொடுக்கவும் என்றும், இரண்டு தொலைபேசி எண்களும் உள்ளன. ‘ஏ’ என்ற எழுத்தை விட்டுவிடக் கூடாது. ‘பி’ வகைக்கு வேண்டியது ஒன்பதாம் ஃபேக்டர், ஒன்றுக்கு மற்றது உதவாது. ஃபேக்டரின் அளவைப் பொறிக்கச் சொல்லி ஓர் உறவினர் அறிவுரை சொன்னார், நான் மறுத்துவிட்டேன். எட்டாம் ஃபேக்டரில் ஒரு கிலோ எடைக்கு 1 யூனிட் கொடுத்தால் இரத்தத்தில் ஏறத்தாழ 2 விழுக்காடு உயரும் என்பதே கணக்கு. வளரும் பிள்ளையின் எடை இரண்டு ஆண்டில் 41 கிலோவிலிருந்து 53 கிலோவானது, பொறித்த அளவு மாறாது. இரத்த வகையையும் பொறிக்கவில்லை. எந்த மருத்துவமனையும் சோதித்துப் பார்க்காமல் இரத்தம் ஏற்றாது, அந்த வரி வீண். இன்ஹிபிட்டர் உள்ளவர்களானால் அதைக் கட்டாயம் பொறிக்க வேண்டும். கொடுக்கும் ஃபேக்டரையே உடல் எதிர்த்து அழிக்கும் நிலை அது, அவர்களுக்கு மருந்தே வேறு. தொலைபேசி எண்களில் ஒன்று என்னுடையது, மற்றது என் அண்ணனுடையது. கணவரின் எண்ணைப் போடவில்லை. படகு கரையை விட்டு விலகிவிட்டால் அவருக்கு சிக்னல் கிடைக்காது. மணியடித்தும் எடுக்க ஆளில்லாத எண்ணைப் பிள்ளையின் கையில் எழுதிவிடக் கூடாது.

முன்பக்கம் முழுவதும் தமிழ்: இரத்தம் உறையாத நோய், தசையில் ஊசி போடாதீர், ஆஸ்பிரின் கூடாது. டாக்டர் படிக்கப்போவது ஆங்கிலம்தானே, தமிழ் எதற்கு என்று பலர் கேட்டார்கள். இங்கே அடிபட்டவனை முதலில் தூக்குபவர் ஆட்டோ ஓட்டுநராகவோ, வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவராகவோ, கடல்பாசி எடுத்துவிட்டுத் திரும்பும் பெண்ணாகவோ இருப்பார். அவர் படித்தால்தான் அடுத்தவரிடம் சொல்வார்.

சென்ற கார்த்திகையில் இது உண்மையானது. உச்சிப்புளியில் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கை சிராய்த்தவனை, கடைக்காரர் ஒருவர் பக்கத்துக் கிளினிக்கில் சேர்த்திருக்கிறார். அங்கே வழக்கம்போல் டி.டி. ஊசியும், வலிக்கு டைக்ளோஃபினாக் ஊசியும் போடத் தயாராக எடுத்து வைத்துவிட்டார்கள். இரண்டும் தசையில் போடுவது. ஹீமோபிலியா உள்ளவருக்குத் தசைக்குள்ளேயே இரத்தம் கட்டிவிடும். டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் போன்றவை இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் வேலையையும் கெடுப்பதால் இரட்டைத் தீங்கு. வலிக்கு ஹீமோபிலியா உள்ளவர்கள் பாராசிட்டமால்தான் எடுக்க வேண்டும். பஞ்சால் துடைப்பதற்காகச் சட்டைக் கையை மேலே ஏற்றிய கம்பவுண்டர் காப்பைப் பார்த்துக் கையை நிறுத்தியிருக்கிறார். “அக்கா, தம்பி கையில எழுதியிருக்கத வாசிச்சுட்டு ஊசிய கீழ வச்சுட்டேன், நீங்க சொல்லுங்க, என்ன செய்யட்டும்?” என்று எனக்குத்தான் முதல் அழைப்பு வந்தது. சொன்ன இருபதாம் நிமிடத்தில் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வண்டி கிளம்பிவிட்டது. அந்தக் கம்பவுண்டர் தம்பிக்கு நான் எத்தனை முறை நன்றி சொன்னாலும் தீராது.

அணிவதில் சில சிரமங்கள் உண்டு. ஃபேக்டரைப் பெரும்பாலும் இடது கை நரம்பில் ஏற்றுகிறோம். அந்தக் கையில் காப்பு இருந்தால் கட்டுப்போட இடைஞ்சல் என்பதால் வலது கைக்கு மாற்றினோம். தகடு 316எல் என்றாலும் கொக்கிக்குள்ளிருக்கும் சுருள்கம்பி வேறு உலோகம் போலிருக்கிறது. ஏழாம் மாதத்தில் துருப்பிடித்து இறுகிவிட்டது. ஊரில் 60 ரூபாய்க்கு வேறு கொக்கி போட்டோம். படகில் ஏறும் நாட்களில் இந்தக் காப்பை நான் அனுமதிப்பதில்லை; வலைக்கயிற்றில் சிக்கினால் மணிக்கட்டையே முறுக்கிவிடும். அன்று மட்டும், இழுத்தால் பிரிந்துகொள்ளும் ஒட்டுப்பட்டையில் தைத்த இரண்டாவது தகட்டைக் கட்டிக்கொள்வான். எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகும்போது கழற்றிவிட வேண்டும். பள்ளியில் நகைக்குத் தடை இருந்தது. மருத்துவர் கடிதத்தைக் கொடுத்ததும் தலைமையாசிரியர் அனுமதித்தார்.

மாமியாருக்கு இதில் மனம் ஒப்பவில்லை. “வயசுப்பிள்ளை கையில நோயக் கட்டித் தொங்கவிடுறியே” என்று பல நாள் வருந்தினார். அந்த வருத்தத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை; எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகளுக்கு இது இன்னும் கடினம். என் தங்கை மகளுக்கு வான் வில்லிபிராண்ட் என்னும் வேறொரு இரத்த உறைவுக் குறைபாடு உள்ளது. பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஒன்றுபோல் வரக்கூடியது, மாதவிடாய் நாட்களில் அவள் படும் பாடு சொல்லி முடியாது. பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படும் என்று காப்பு வேண்டாம் என்கிறார்கள். அவளுக்காக ஆசாரியிடம் பேசி, வளையலின் உள்பக்கம் எழுத்தும் வெளிப்பக்கம் சின்னம் மட்டும் தெரியும்படி ஒன்று செய்யச் சொல்லியிருக்கிறேன். வெளியே சின்னமாவது இருக்க வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

காப்பின் விலை 1,150 ரூபாய். கைக்கு வர ஒன்பது நாளானது. தகடு மட்டும் மாற்ற 350 ரூபாய். இந்தத் தை மாதம் அவனை, இரத்தக் கசிவு வராமல் தடுக்கப் போடும் எமிசிசுமாப் என்ற ஊசிக்கு மாற்றலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். தோலுக்கடியில் போடும் அந்த மருந்தில் இருப்பவர்களுக்கு உறைதல் நேரச் சோதனையின் முடிவு பொய்யாக இயல்பு என்று காட்டும். வேறு சில உறைவு மருந்துகளை அதனோடு சேர்த்துக் கொடுப்பதும் ஆபத்து. ஆகவே மருந்து மாறும் அன்றே கையில் புதிய தகடு இருக்க வேண்டும். வரிகளை இந்த முறை மகனே எழுதிக் கொடுத்திருக்கிறான். படமாக்கி, மாதிரி கேட்டு, நேற்று அனுப்பிவிட்டேன்.