ஆவிக்குத்தான் நான் புள்ளி போட்டது: திருநெல்வேலி இடியப்பக் கடை

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில இருந்து கொஞ்சத் தூரத்தில, ஒரு ஒழுங்கைக்குள்ள, தகரப் பந்தலுக்குக் கீழ ஒரு அக்கா பின்னேரத்தில மட்டும் இடியப்பம் அவிச்சு விக்கிறா. பெயர்ப்பலகை இல்லை. மற்ற ஆக்கள் சாப்பாட்டுக் கடையெண்டால் ருசியைப் பாப்பினம். நான் பாத்தது ஆவியை.

போன வருசம் என்ர தம்பிக்கு ஏஎம்எல் எண்டு கண்டுபிடிச்சவை. இரத்தப் புற்றுநோயில கிடுகிடெண்டு ஏறிற வகை. கீமோவில அடங்கினது, ஆனால் திரும்பி வரக்கூடிய சாதி எண்டபடியால் இந்தியாவுக்குக் கொண்டுபோய் என்பு மச்சை மாத்தினம். கூடப்பிறந்த ஒராள் முழுசாப் பொருந்திறதுக்கு நாலில ஒரு பங்குதான் வாய்ப்பு. எங்கட வீட்டில பொருந்தினது நான். முதுகெலும்பில துளை போடுவினமோ எண்டு இப்பவும் சனம் கேக்குது. அப்பிடியில்லை. மச்சையில இருக்கிற, இரத்தத்தை உண்டாக்கிற மூல அணுக்களை இரத்தத்துக்குள்ள இறக்கிறதுக்கு அஞ்சு நாள் ஊசி போட்டவை; இடுப்பெலும்பு உலக்கையால இடிச்ச மாதிரி உளைஞ்சது. பிறகு நாலு மணித்தியாலம் மெசினுக்குப் பக்கத்தில படுத்துக் கிடந்தன். ஒரு கையால இரத்தம் போய், வேண்டியதை வடிச்செடுத்துப்போட்டு, மற்றக் கையால திரும்பி வந்தது. எனக்கு அவ்வளவுதான்.

அவனைப் பிழிஞ்சது அதுக்கு முதல் குடுத்த கடும் கீமோ. பழைய மச்சையைத் துடைச்சு எடுக்காமல் புதுசு குடியேறாதாம். வாயில இருந்து குடல் வரைக்கும் புண். ரண்டு கிழமை எச்சில்கூட விழுங்க ஏலாமல் கிடந்தான். பதினாறாம் நாள் நியூட்ரோபில், கிருமியோட சண்டை பிடிக்கிற வெள்ளை அணு, 500ஐத் தாண்டி, பிறகும் ரண்டு நாள் இறங்காமல் நிண்டது. என்ர அணுக்கள் அவனுக்குள்ள வேர் விட்டிட்டுது எண்டு தாதி சொன்ன அண்டைக்கு அவன் கேட்டது இடியப்பமும் சொதியும்.

நூறு நாள் கழிச்சு யாழ்ப்பாணம் வரேக்க, அவனுக்கு நோயெதிர்ப்பு இன்னும் தேறேல்லை எண்டபடியால், கையில ஒரு பட்டியல். பச்சையா ஒண்டும் வேண்டாம். ஆறினது வேண்டாம். பூஞ்சணத்துக்குக் கிட்டவும் போகப்படாது. மருந்தோட கொளுவும் எண்டு பம்பளிமாசும் வேண்டாம். முதலில ரவுணுக்குள்ள பெரிய கடையொண்டுக்குப் போனன். பளபளப்பான கண்ணாடிப் பெட்டிக்குள்ள மத்தியானம் அடுக்கினதைப் பின்னேரம் எடுத்து நீட்டினாங்கள். திரும்பிப் பாக்காமல் வந்திட்டன்.

இந்த அக்காட்ட விசயத்தைச் சொல்லேக்க முதல் கேள்வி, "தொத்துமோ பிள்ளை?"

"அவன்ர எங்களுக்குத் தொத்தாது அக்கா. எங்கட தடிமன்தான் அவனுக்குத் தொத்தும்."

அண்டையில இருந்து பிரம்புத் தட்டை ஒதுக்கிப்போட்டு தம்பிக்கெண்டு பிளாஸ்டிக் தட்டு அஞ்சு வாங்கி வைச்சவ. பிரம்பில ஈரம் நிண்டால் பூஞ்சணம் பிடிக்கும் எண்டு நான் சொல்ல முதலே அவவுக்குத் தெரியும். நான் சுடுதண்ணியில அலசின கிண்ணத்தோட போய் நிப்பன். சட்டியால இறக்கின கையோட அதுக்குள்ள கவுப்பா. சம்பலைத் தாச்சியில ஒருக்கால் பிரட்டித் தருவா. பச்சைத் தேங்காய்ப்பூ வாசம் போயிடும்தான், என்ன செய்யிறது.

குறை சொல்லத்தான் வேணும். சொதி திரையும். முதற்பால் விட்டு நுரை கட்ட இறக்கினால்தானே சொதி. எங்களுக்காக அதைத் தளதளவெண்டு கொதிக்க வைக்கிறா, பால் பிரிஞ்சு தண்ணி வேற எண்ணெய் வேறயா நிக்கும். இது என்ர பிழை, அவவின்ர இல்லை. ஆனால் உப்புக் குறையிறது அவவின்ர பிழை. வெள்ளிக்கிழமை பூட்டு. ஆறரைக்குப் பிறகு போனால் வரிசை. தம்பிக்கு அப்ப ஏழு மணிக்கு சைக்ளோஸ்போரின் குளிசை, பன்னிரண்டு மணித்தியாலக் கணக்குத் தப்பக்கூடாது. அவன்ர மச்சையா வந்த என்ர அணுக்கள் அவன்ர தோலையே வேற்றாள் எண்டு பிடிச்சுக் கடிக்காமல் அடக்கி வைச்சது அதுதான். உள்ளங்கை சிவந்து உரிஞ்ச ஒரு கிழமையை நாங்கள் மறக்கேல்லை. அந்தக் கடிதான் ஒளிச்சிருக்கிற புற்றணுக்களையும் தின்னுது எண்டு டொக்டர் சொன்னவர். அப்ப கொஞ்சம் கடிக்கட்டும்.

விலை மலிவு. பார்சலுக்கு லஞ்ச் ஷீற் எண்ட பொலித்தீன் தாள், அது எனக்குப் பிடிக்காது, கிண்ணம் கொண்டு போங்கோ.

இப்ப அவன்ர இரத்த வகையும் என்ரதுதான். ஏயில இருந்து ஓவுக்கு மாறிட்டுது. சின்னப்பிள்ளையளுக்குப் போடுற தடுப்பூசியெல்லாம் முதலில இருந்து போட்டுக்கொண்டு வாறம். குளிசையை மெல்ல மெல்லக் குறைச்சு, போன மாசம் நிப்பாட்டினவை. அடுத்த நாளே ஆள் தனியச் சைக்கிளில போய் பச்சைச் சம்பல் கேட்டிருக்கிறார். அக்கா குடுக்கேல்லை.

"உங்கட அக்காவைக் கேட்டுக்கொண்டு வாங்கோ தம்பி" எண்டு அனுப்பிப்போட்டா.